என் கடனுக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கேயாவது ஓர் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமினால் போதும், என் காது இரண்டும் சிவந்துவிடும். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்ற அந்தக் கரகரப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் 'கீய்ங்' என்ற கீச்சல். அப்புறம் ஒரு நொடி மௌனம். அந்த மௌனத்துக்குள் என் பெயர் வரப்போகிறது, பெயருக்குப் பின்னால் ஒரு தொகை வரப்போகிறது என்று என் உடம்பு இன்னும் நம்புகிறது. கல்யாண வீடோ, லொத்தர்ச் சீட்டு விற்கிற வேனோ, தேர்தல் கூட்டமோ, எதுவாக இருந்தாலும் சரி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்துவிடுவேன். (என் வீட்டுக்காரர் மோகன் அதைப் பார்த்தே சிரிப்பார். சிரிக்கட்டும். அன்றைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து ஓடிவந்தவர் அவர்தான்.)

இது நடந்தபோது நான் இப்போதிருப்பதைவிட மூன்றே வயது இளையவள். முப்பத்தொன்பது. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

ஆகவே நேராக ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கையெழுத்துப் போடும் ஆசை இருந்தது. சிலருக்குப் பட்டுச் சேலை, சிலருக்குப் பட்டணத்துப் படம், எனக்குக் கையெழுத்து. நான் மஸ்கெலியாவில் நீர்த்தேக்கத்துக்கு மேலே, மேகம் வந்து தலை துவட்டிவிட்டுப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மூன்றாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அந்த லயத்திலிருந்து அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். ஹட்டனில் தமிழ் ஆசிரியை. வசன கவிதையும் எழுதுவேன். கவிதைக்குக் கையெழுத்துக் கேட்டு அதுவரை எவரும் வந்ததில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குக் கேட்டு வந்தார்கள்.

தவணைக்குச் சாமான் கொடுக்கும் கடைகளுக்கு ஒரு பிணையாள் வேண்டும். அரசாங்க உத்தியோகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள். எனவே எங்கள் தோட்டத்தில் எவருக்கு எது வேண்டுமென்றாலும் படிவத்தை நாலாக மடித்துக்கொண்டு, இரண்டு பலகாரத்தோடு, ஹட்டன் பஸ் ஏறிவிடுவார்கள். "டீச்சர், ஒரே ஒரு கையெழுத்துதான்." நான் பச்சை மைப் பேனாவை எடுப்பேன். பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கொடி கிளம்பி, சுருண்டு, முனையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் விடும். அந்தக் கொடி வளரத்தான் எனக்கு நேரம் பிடிக்கும். படிவத்தை வாசிக்க நேரமே பிடிக்காது, ஏனென்றால் வாசிப்பதில்லை.

பிறகு கொட்டகலையில் ஏழு பேர்ச் காணி வந்தது.

அந்தக் காணியை எப்படிச் சொல்வேன்! சரிவில் ஒரு சின்னத் துண்டு. மேலே ஒரு மரம், கீழே ஓர் ஓடை, நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன முட்டைக்கோவாக் கன்றுகள். மோகன் காலால் அடி அளந்து "இது ஹோல், இது குசினி" என்றார். நான் கேட் வரப்போகிற இடத்தில் நின்று, காற்றில் விரலால் ஓர் இலக்கம் எழுதிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் இருநூறு குடும்பங்களுக்கும் ஒரே விலாசம். தோட்டத்தின் பெயர், மஸ்கெலியா, அவ்வளவுதான். எனக்கு வந்த முதல் நியமனக் கடிதம் ஆறு கை மாறி, ஒரு கையில் மீன் சுற்றப்பட இருந்து, அதிர்ஷ்டவசமாகத் தப்பி வந்தது. எனக்கு வீடுகூட அப்புறம்தான். முதலில் ஓர் இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்துக்கு ஒரு கடிதம் வரவேண்டும்.

காணிக்காரர் நல்லவர். "வெள்ளிக்கிழமைக்குள் வங்கி சம்மதக் கடிதம் காட்டினால் உங்களுக்கு. இல்லையென்றால் நுவரெலியாக்காரர் ஒருவர் காத்திருக்கிறார்" என்றார்.

வங்கியில் கடன் பகுதிக்கு ஓர் இளம் பெண். என் பெயரைத் தட்டினார். புன்னகை பாதியில் நின்றது. "மிஸ், பொட்டக் பலன்ன", கொஞ்சம் பாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார். பார்த்தேன். என் கடன் அறிக்கை. பச்சை மையில் கொடி விட்ட என் பெயர், அங்கே சிவப்பில் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் வரி எங்கள் ஆட்டோ. பெற்றோல் வரிசையில் மூன்று நாள் படுத்துக்கிடந்த காலத்தில் லீசிங் தவணையை நிறுத்திவிட்டோம். நிலுவை ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அது நியாயம், அது எங்கள் பாவம். மற்ற மூன்று வரிகள்தான் என்னைக் கதிரையோடு சாய்த்தன. ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு தையல் இயந்திரம், ஓர் ஒலிபெருக்கிச் செட்.

"இதெல்லாம் நான் வாங்கவில்லையே" என்றேன்.

"வாங்கவில்லை மிஸ். ஆனால் வாங்கியவர் கட்டாவிட்டால், பிணை நின்றவரின் பெயரும்தான் பழுதாகும்" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "அறிக்கை மாற மாதக் கணக்கில் ஆகும். ஆனால் நிலுவைகளைத் தீர்த்து, கொடுத்த இடங்களில் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை நான் மேலே அனுப்புகிறேன்."

சனிக்கிழமை பின்னேரம் என் வளையல் இரண்டும் பணமாயின. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம், மஞ்சள் உறையில். லீசிங் அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் எங்கள் வாடகை அறையின் பூட்டைப் பக்கத்து வீட்டுப் பூனையே திறந்துவிடும்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா! கொழும்பில் கடையில் நிற்பவர்கள், நல்லதண்ணியில் மலை யாத்திரைச் சீசனுக்குப் பொம்மை விற்பவர்கள், எல்லோரும் வந்துசேரும் ஒரே நாள். என் மூன்று கடன்காரர்களும் ஒரே இடத்தில், கும்பிட்ட கையோடு நிற்பார்கள். என்ன மூளை எனக்கு என்று நானே வியந்தேன். பழைய திருவிழா நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினேன். நான், குளிர்சாதனப் பெட்டிக்குக் கண்டாக்கையா, தையல் இயந்திரத்துக்குப் பாக்கியம் அக்கா, ஒலிபெருக்கிக்குத் தங்கராஜ் அண்ணன். கூடவே மஸ்கெலியாவில் பாரூக் நானாவின் பலசரக்குக் கடைக்கு நான் கொடுக்கவேண்டிய ஒன்பதாயிரத்து நானூறு. எல்லாம் அழகான கையெழுத்தில், பெயர் இடது பக்கம், தொகை வலது பக்கம். தலைப்பு எழுதவில்லை. (மோகன் இன்றைக்கும் கேட்பார்: "கவிதைக்கு மட்டும் மூணு தலைப்பு வைக்கிற. இதுக்கு ஒண்ணு வச்சா என்னா?")

இன்னொரு நோட்டீஸின் பின்பக்கத்தில் அம்மனுக்கு ஒரு வரவேற்புக் கவிதை. வருடாவருடம் நான் எழுதிக் கொடுப்பேன், மைக்கில் தங்கராஜ் அண்ணன் வாசிப்பார். இரண்டு தாளும் ஒரே நிறம். இரண்டையும் நாலாக மடித்தேன். படிவம் மடிக்கும் தோட்டத்துப் பழக்கம், இரத்தத்தில் ஊறியது.

தங்கராஜ் அண்ணனைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. ஆனால் மைக் கையில் வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். திருவிழாவன்று ஆட்கள் துண்டுத் தாளில் பெயரும் தொகையும் எழுதிக் கொடுப்பார்கள். அவர் அதைக் கணீரென்று வாசித்து, கடைசியில் "உபயம்" சேர்த்து, வாழ்த்தி, மலை நாலையும் அதிரவைப்பார். கையில் வந்த தாளை யோசிக்காமல் வாசிப்பது அவர் தொழில் சுத்தம். அதே சுத்தத்தோடு, நான் நீட்டிய தாளைத் திறந்து பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் போய்க் கண்டாக்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலையில் கொழுந்து வேலை பார்த்து நடத்தும் உத்தியோகத்தர் அவர். காக்கிக் கால்சட்டை, கையில் குடை, தோட்டமே எழுந்து நிற்கும். கோயிலுக்கு வருடம் நூறு ரூபா, அதுவும் சில்லறையாக. எப்படித் தொடங்குவது?

"ஃப்ரிஜ் எப்படிங்கய்யா இருக்கு?"

"ஃப்ரிஜுக்கு என்னா டீச்சர். தண்ணி ஜில்லுன்னு வருது." (மஸ்கெலியாவில்! பைப்பைத் திறந்தாலே பல் கூசும் ஊரில்!)

"தவணை கொஞ்சம்..."

"அந்தா பூச தொடங்கப் போவுது" என்று அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டார்.

அப்போதுதான் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

"பக்தகோடிகளே! முதலாவதாக, நமது மண்ணின் மகள், ஆசிரியை, கவிதாயினி செல்வராணி மோகன் அவர்கள்..." எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கவிதை வரப்போகிறது. தலையைக் கொஞ்சம் சரித்து, முகத்தில் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டேன். "...ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபா உபயம்!"

 கோயில் வளவெங்கும் கைதட்டல்! தகரக் கூரையில் ஐப்பசி மழை விழுகிற மாதிரி. மேளக்காரர் தானாகவே ஓர் உருட்டு உருட்டினார். "டீச்சர்! டீச்சர்!" என்று யாரோ என்னை எழுப்பினார்கள். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சத்தியமாக விளங்கவில்லை, முதல் பெயருக்கு.

"அடுத்ததாக, நமது கண்டாக்கையா அவர்கள், அறுபத்திரண்டாயிரம் ரூபா உபயம்!"

விளங்கிவிட்டது.

இங்கேதான் என் பாவம் தொடங்குகிறது. இரண்டாவது பெயரிலேயே எனக்குத் தெரியும். நான் "நிறுத்துங்க" என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஏனென்றால் கைதட்டல் இன்னும் ஓயவில்லை, அது எனக்கான கைதட்டல், நான் பன்னிரண்டு வருடம் கவிதை எழுதியும் கேட்காத கைதட்டல். கால்கள் தாமாகவே மேடைப் பக்கம் நடந்தன.

கண்டாக்கையா? அவர் முதலில் வெளிறினார். பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்து, "ஐயா, பெரிய மனசுங்க ஐயா!" என்றதும், மெதுவாக நிமிர்ந்தார். குடையை ஊன்றினார். "சாமி காரியம்," என்றார், "சொல்லிக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"பாக்கியம் அவர்கள், முப்பத்தோராயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபா உபயம்!"

"அந்த எழுநூத்தம்பது என்னா கணக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏதாச்சும் வேண்டுதலா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

அன்னதானக் கொட்டகையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். "ஒனக்கு ஏதுடி அம்புட்டு காசு?" என்ற குரல் மேடைவரை கேட்டது. நான் மேடையில் ஏறிவிட்டேன். கோயில் தலைவர் பொன்னாடையோடு காத்திருந்தார். மஞ்சள் நிறம், ஜரிகை, ஓரத்தில் குஞ்சம். அது என் தோளில் விழுந்தபோது, நான் என்ன சொல்வேன், மேகம் விலகி மலை முழுவதும் ஒரே தடவையில் தெரிகிற அந்தக் காலை மாதிரி இருந்தது.

"வர்த்தகப் பெருமகன் பாரூக் நானா அவர்கள், ஒன்பதாயிரத்து நானூறு ரூபா உபயம்!"

அன்னதானத்துக்கு அரிசி இறக்கிக்கொண்டிருந்த பாரூக் நானா, மூட்டையைத் தோளில் வைத்தபடியே திரும்பினார். "நானா? ஏன்ட பேரா? நான் எப்பயா எழுதினன்?"

தலைவர் என் முன்னால் தாம்பாளத்தை நீட்டினார். தேங்காய், வெற்றிலை, நடுவில் ஒரு வெறுமையான இடம். அந்த வெறுமை என்னையே பார்த்தது.

"இப்பவே தட்டுல வச்சிருங்க டீச்சர். நல்ல நேரம் பன்னெண்டு வரைக்குந்தான்."

அந்த நேரம் கூட்டத்துக்கு அப்பாலிருந்து ஓர் அலறல். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த மோகன், என் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, நான் பக்தி முற்றி வளையல் காசை அம்மனுக்கே எழுதிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். சேற்றில் கழன்ற செருப்பு ஒரு கையில். "செல்வி! பைய தொறக்காத! அடியேய், பைய தொறக்காத!"

திறந்துவிட்டேன். அவருக்கு இன்றுவரை சொல்லாத இரகசியம் இது. என் விரல் உறையைத் தொட்டது. தொட்டது மட்டுமில்லை, உறை பாதி வெளியே வந்துவிட்டது. ஆயிரம் கண்களுக்கு முன்னால், தோளில் ஜரிகையோடு நின்றுகொண்டு, "அது இல்லீங்க" என்று சொல்வதைவிட, ஏழு பேர்ச் காணியைத் தாம்பாளத்தில் வைப்பது எனக்கு அந்தக் கணத்தில் சுலபமாக இருந்தது. மனித மனம்! கவிஞர் மனம் என்றால் இன்னும் மோசம்.

என்னைக் காப்பாற்றியது தங்கராஜ் அண்ணனின் தொழில் சுத்தம்.

"இறுதியாக, அன்பும் பண்பும் நிறைந்த, மைக் செட் உரிமையாளர், தங்கராஜ் அவர்கள், நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு..."

நின்றுவிட்டார்.

நீர்த்தேக்கத்தின் அக்கரையில் மோதித் திரும்பிவந்த "ஐந்நூறு" மட்டும் தனியாகக் கேட்டது. அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார். மைக்கை நிறுத்த மறந்து, நாலு மலைக்கும் கேட்க, என்னிடம் கேட்டார்:

"டீச்சர், இது நம்ம ஆம்ப்ளிஃபயர் கடன் காசுல்ல?"

உறை பைக்குள் போய்விட்டது. மைக் என் கைக்கு வந்துவிட்டது. "அன்பார்ந்த என் மண்ணே, கொழுந்தின் நுனியில் பனித்துளி நடுங்குவது போல..." என்று தொடங்கினேன். (பழக்கதோஷம்.) கீழேயிருந்து மோகன் "சுருக்கமா சொல்லு!" என்று கத்தினார்.

"அது உபயம் இல்லீங்க," என்றேன். "எல்லாம் கடன். மொதல்ல இருக்கிறது நான் கட்ட வேண்டியது. மத்தது நான் பிணை நின்னது. நானாவுக்குக் குடுக்க வேண்டியது நான்தான். தாள் மாறிப்போச்சு. கொட்டகலையில ஏழு பேர்ச் காணி வாங்கணும், அதுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள எம் பேரச் சுத்தம் பண்ணணும். சாமி சத்தியமா அவ்வளவுதாங்க."

சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. முதல் வரிசையில் தொடங்கி, கொட்டகைக்குப் போய், கூரையேறி, தேயிலைக்குள் உருண்டது. மேளக்காரர் மேளத்தின் மேலேயே கவிழ்ந்தார். பாரூக் நானா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீங்க எனக்குத் தார காசுக்கு என்னையே உபயகாரனாக்கிப் போட்டீங்களே!" என்றார். கண்டாக்கையாவைப் பார்த்தேன். அவரைச் சுற்றிக் கும்பிட்டவர்கள் இப்போது ஓரடி தள்ளி நின்று, அவரை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை விரித்தார். மழை இல்லை.

அந்தச் சிரிப்புக்குள்தான் பாக்கியம் அக்கா மேடைக்கு வந்தார். கையெல்லாம் பூசணி விதை. அவர் சிரிக்கவில்லை.

"டீச்சர், நா கட்டி முடிச்சிட்டேன்."

"என்னாக்கா?"

"தையல் மெசின் காசு. ரெண்டு வருசம். ஒரு மாசம் தப்பல. நீங்க ஏன் எம் பேர கடன்காரின்னு எழுதுனீங்க?"

 திரையில் சிவப்பாகப் பார்த்தேன், எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் திரும்பி லயத்துக்கு நடந்தார்.  ஐந்து நிமிடத்தில் ஒரு மாவு டின்னோடு வந்தார். டின்னுக்குள் இருபத்துநான்கு ரசீது, தையல் நூலில் வரிசையாகக் கோத்து.

"மைக்குலதான சொன்னீங்க," என்றார். "மைக்குலயே சொல்லுங்க."

சொன்னேன். தங்கராஜ் அண்ணன் மைக்கைப் பிடித்தார், நான் பொன்னாடையோடு நின்று வாசித்தேன். "முதலாம் தவணை, கட்டியாச்சு. இரண்டாம் தவணை, கட்டியாச்சு." ஐந்தாவதில் கொட்டகையிலிருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பத்தாவதில் முழுக் கூட்டமும். நான் தவணையைச் சொல்ல, அரோகரா போடுகிற மாதிரி அவர்கள் "கட்டியாச்சு!" என்றார்கள். பன்னிரண்டாவதில் மேளம் சேர்ந்தது. இருபத்துநான்காவது "கட்டியாச்சு" மலை நாலிலும் போய் முட்டித் திரும்பியபோது, பாக்கியம் அக்கா டின்னை மூடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பூசணிக்காய் நறுக்கப் போனார். என் வாழ்நாளில் நான் வாசித்த ஒரே நல்ல கவிதை அதுதான்.

பொன்னாடையைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினேன். அவர் பின்வாங்கினார். "கடனுக்குப் போத்தினத இனி யாருக்குப் போத்த முடியும் டீச்சர்? நீங்களே வச்சிக்கிங்க."

திங்கட்கிழமை லீசிங் அலுவலகம் திறந்ததும் மஞ்சள் உறையைக் கொடுத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, மஸ்கெலியாவுக்குப் போனேன். தவணைக் கடையின் வாசலில் எனக்கு முன்னாலேயே ஒரு குடை நின்றது. கண்டாக்கையா! காலைப் பெரட்டில் கொழுந்துப் பெண்கள் வரிசையாக நின்று, பெயர் கூப்பிடும்போது "வந்தாச்சு" என்பதற்குப் பதிலாகக் "கட்டியாச்சு" என்றார்களாம். அறுபத்திரண்டாயிரத்தையும் எண்ணி வைத்தார். போகும்போது என் பக்கம் திரும்பாமலே, "டீச்சர், இனிமே எம் பேர எங்கயும் எழுதிறாதீங்க" என்றார். (மன்னிக்கவும் ஐயா. உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை, உத்தியோகத்தை மட்டும்தான்.)

தங்கராஜ் அண்ணனுக்கு, அன்றைய மைக் வாடகையைத் தலைவர் நேராக என்னிடமே கொடுத்தனுப்பியிருந்தார். மீதிக்கு, மருந்தடிக்கும் வேலைகாட்டுச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிக்கொள்ள அண்ணன் எழுதிக் கொடுத்தார். கடையிலிருந்து புதுத் தவணை ஒழுங்குக் கடிதம் கிடைத்தது.

பாக்கியம் அக்காவும் கடைக்கு வந்துசேர்ந்தார். அவருடைய டின்னைக் கடைக்காரப் பையன்கள் கணினிக்குப் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் பார்த்தார்கள். விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்தில் பாக்கியம் இரண்டு பேர். இன்னொரு பாக்கியம் அதே கடையில் தொலைக்காட்சி வாங்கிவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். பெயர் ஒன்று, விலாசமும் ஒன்று. இருநூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம் அல்லவா! இவர் கட்டிய காசு, பல மாதமாக, அவருடைய தொலைக்காட்சியின் வாயில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பிரித்தார்கள். பிழையைத் திருத்தி, கடன் முடிந்தது என்று முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தார்கள். அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் தரவில்லை. "பிரதி எடுத்துக்கிங்க. இது எனக்கு" என்று டின்னில் போட்டுக்கொண்டார்.

பாரூக் நானா என் ஒன்பதாயிரத்து நானூறை மூன்று தடவையாக வாங்கிக்கொண்டார். ஆனால் கோயில் அரிசிக் கணக்கில் அதே தொகையைக் கழித்துவிட்டார். "மைக்குல சொல்லியாச்சில்லியா? நாலு மலையும் கேட்டு ஈக்கிது. இனி எப்பிடி இல்லேங்கிற?"

வெள்ளிக்கிழமை கடிதங்களோடு வங்கிக்குப் போனேன். அந்த இளம் பெண் ஒவ்வொன்றாக அடுக்கி, ஊசி குத்தி, "மேலே அனுப்புகிறேன்" என்றார். பின்னேரம் சம்மதக் கடிதம் கையில். கொட்டகலைக்குப் போய்க் காணிக்காரரிடம் அதைக் காட்டிவிட்டு, கோவாக் கன்றுகளுக்கு நடுவில் நின்று, காற்றில் விரலால் இன்னொரு தடவை இலக்கம் எழுதினேன்.

வீடு வந்துவிட்டது. ஹோல், குசினி, ஓர் அறை. கேட்டில் இலக்கம். எங்கள் மின்சாரக் கட்டணச் சீட்டு முதல் தடவை அந்த இலக்கத்துக்கு வந்தபோது, அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் மேசையில் வைத்து அழகு பார்த்தேன். மோகன் அகப்பையை மைக்காகப் பிடித்து, "நமது மண்ணின் மகள், கவிதாயினி செல்வராணி மோகன் அவர்கள், மூவாயிரத்து அறுநூறு ரூபா உபயம்!" என்றார். அன்று தொடங்கியது. தண்ணீர்க் கட்டணம், பாண், பஸ் டிக்கெட், எதற்குக் காசு கொடுத்தாலும் எங்கள் வீட்டில் அறிவிப்பு உண்டு, முடிவில் எங்கள் மகள் "கட்டியாச்சு!" போடுவாள். பொன்னாடை குசினி ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்குகிறது. குஞ்சத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. இலக்கியத்துக்காக எனக்குக் கிடைத்த பொன்னாடைகள் என்று யாராவது கேட்டால், அதைத்தான் காட்டவேண்டியிருக்கிறது. பச்சைப் பேனாவை மகளிடம் கொடுத்துவிட்டேன், படம் கீற.

போன மாதம் பாக்கியம் அக்கா எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தார். தானே தைத்த ஒரு தலையணை உறை கொண்டுவந்தார். ஜன்னலில் பொன்னாடையைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த அந்தச் சிரிப்பு எனக்கு ஏழு பேர்ச்சைவிடப் பெரிதாக இருந்தது. கேட் இலக்கத்தை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். நான் இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று மோகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

கொட்டகலைச் சந்தியில் பஸ் வந்தது. அவருக்குப் பயணச்சீட்டுக் காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு ஏறினார். பஸ் நகரும்போது ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி, தலையை வெளியே நீட்டினார்.

"டீச்சர்! எழுதுங்க, நா வேணாங்கல. ஆனா எம் பேரு வர்ற எடத்துல, பக்கத்துலயே 'கட்டியாச்சு'ன்னு போட்டுருங்க!"